இரண்டாவது இலை



தீவு என்றால் நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பள்ளியில் படித்தோம். நிலம் சூழ்ந்த தீவும் உண்டென்பதைக் காரைக்கால் மக்கள் அறிவார்கள். கிழக்கே வங்கக் கடல். ஏனைய மூன்று புறமும் தமிழ்நாடு. ஆட்சித் தலைநகரான புதுச்சேரியோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்டமையால் வரைபடத்தில் விழுந்த கோடு இன்றும் அழியாமல் இருக்கிறது. அச்சிறு நிலத்தில், காரைக்கால் நகரை ஒட்டி அமைந்தது தலத்தெரு.

அங்கே எங்கள் பெரியம்மாள் தனியே வசிக்கிறார். வயது எழுபத்தெட்டு. மூத்த மகன் பாரிஸ் நகரில், இளையவன் குவைத்தில். இவ்வூரில் இது புதுமையன்று. 1962-இல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் பல. அவர்கள் வழியே பிரான்சு நாட்டுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளைகள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். கட்டிய வீடுகள் நிற்கின்றன. கதவுகளில் பூட்டுத் தொங்குகிறது.

சென்ற ஆனித் திங்களில் பெரியம்மாளின் பேத்திக்குத் திருமணம். குவைத்தில் செவிலியாகப் பணிபுரியும் அப்பெண், தன்னோடு பணியாற்றும் தோழி ஒருத்தியையும் அழைத்து வந்திருந்தாள். பிலிப்பைன்ஸ் நாட்டில் கமிகுயின் என்னும் சிறு தீவு அவளுடைய ஊர். வந்தவுடன் பெரியம்மாளின் கையைப் பற்றித் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியோரிடம் ஆசி பெறுவது அவர்கள் நாட்டில் அப்படித்தானாம். பெரியம்மாளும் தயங்காமல், நம் வீட்டு வழக்கப்படி, அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார். அன்று முதல் பெரியம்மாள் அவளுக்கு "லோலா" ஆனார். அவர்கள் மொழியில் பாட்டி என்று பொருள்.

அத்தீவைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, எங்களுக்கு அது அயலூராகத் தோன்றவில்லை. காரைக்காலில் ஐந்து கொம்யூன்கள் இருப்பதுபோல் கமிகுயினில் ஐந்து ஊராட்சிகள். நமக்குப் பிரெஞ்சுக்காரர், அவர்களுக்கு 1898 வரை ஸ்பானியர். சாப்பாட்டு மேசையைத் தட்டி அவள் "லமேசா" என்றாள். அது ஸ்பானியர் தந்த சொல். நம்முடைய மேசையோ போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது. இரு சொற்களும் உடன்பிறந்தவை!

திருமணத்துக்கு மறுநாள் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. சைவர்கள் போற்றும் காரைக்கால் அம்மையார், புனிதவதி என்ற பெயரோடு இல்லறம் நடத்திய நாளில், கணவன் அனுப்பிய இரு மாங்கனிகளுள் ஒன்றைப் பசித்து வந்த அடியார்க்குப் படைத்தார் என்பது வரலாறு. அதன் நினைவாகச் சுவாமி வீதியுலா வரும்போது மக்கள் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசுகிறார்கள். கீழே நிற்போர் போட்டியிட்டுப் பிடிக்கிறார்கள். எங்கள் விருந்தாளியும் ஒன்றைப் பிடித்துவிட்டாள். "மாங்கா!" என்று அவள் கூவியதும், தமிழ் எப்போது கற்றாய் என்று கேட்டோம். அது அவளுடைய தாய்மொழிச் சொல்லே. நம் மாங்காய் மலாய் மொழி வழியே அத்தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்த சொல் என்பர் அறிஞர்.

அவர்கள் தீவுக்கும் ஒரு கனி உண்டு. லான்சோனெஸ் என்று பெயர்; கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். அக்டோபர் திங்களில் அதற்கு விழா எடுக்கிறார்கள். முற்காலத்தில் அது நச்சுக்கனியாக இருந்ததாம். பசித்தோருக்காக ஒரு பெண்மணி அதைக் கிள்ளிப் பார்க்க, நஞ்சு நீங்கியதாம். அந்தப் பெண்மணி தேவ அன்னையே என்று சொல்வாரும் உண்டாம். புனிதவதியின் கனியும் இக்கனியும் பசித்தவனை முன்னிட்டே பேசப்படுகின்றன என்பதை எண்ணி வியந்தேன்.

அன்றிரவு பெரியம்மாள் முற்றத்தில் பேச்சு வேறு திசையில் திரும்பியது. 1871-இல் எழுந்த எரிமலையால் அத்தீவின் பழைய ஊரொன்றின் கல்லறைத் தோட்டம் கடலுள் அமிழ்ந்தது. அவ்விடத்தில் 1982-இல் பெரிய சிலுவை ஒன்றை நாட்டியிருக்கிறார்கள். 1951-இல் வேறொரு மலை வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். இதைக் கேட்ட பெரியம்மாள் 2004 டிசம்பர் 26-ஐ நினைவுகூர்ந்தார். கடல் பொங்கி மீனவச் சிற்றூர்களை வாரிச் சென்ற அந்நாளில், இதே முற்றத்தில் அண்டாவில் கஞ்சி காய்ச்சினார்களாம். "அன்று வந்தவர் யார், எந்த மதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கே ஆளில்லை" என்றார்.

பின்னர், அந்தப் பெண் கேட்டாள்: "லோலா, நாளை நாங்கள் போனபின் இவ்வீட்டில் எத்தனை பேர் உண்பீர்கள்?"

"ஒருத்தி. ஒரு வயிற்றுக்கு இரண்டு முறை உலை வைப்பானேன் என்று காலையில் வடித்ததையே இரவும் உண்பேன்."

"மகன்கள் பணம் அனுப்புவதில்லையா?"

"பணம் தவறாமல் வருகிறது அம்மா. பணம் வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறதா?"

பேத்தி இதை மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்தப் பெண் பேசவில்லை. சற்று நேரம் கழித்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் சம்பளத்தில் தாய்க்குச் சிமெண்டு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆறு ஆண்டுகளாக ஊர்த் திருவிழாவுக்குப் போகவில்லை. திருவிழா நாளில் முன்பின் அறியாதவரும் உள்ளே வந்து உண்ணும்படி கதவைத் திறந்து வைப்பது அவ்வூர் வழக்கம். அவள் தாயும் ஆண்டுதோறும் திறந்து வைத்து, மகளுக்கென்று ஒரு தட்டை மேசையில் வைக்கிறாளாம்.

வாசகர்களே, அவ்வேளையில் எதிரெதிரே அமர்ந்திருந்த இருவரையும் பார்த்தேன். பிள்ளைகள் வராத ஒரு தாய். தாயிடம் போகாத ஒரு பிள்ளை. ஒருவர் குறையை மற்றவர் வாயால் கேட்டுக்கொண்டார்கள்.

அவ்வீட்டை விலைக்குக் கேட்டுத் தரகர் ஒருவர் நெடுநாளாய் நடந்துகொண்டிருந்தார். விற்பதா, வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. பாரிசுக்கு வந்துவிடுங்கள் என்று மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் சென்ற வாரம் நான் போயிருந்தபோது அடுக்களையில் இரண்டு இலைகள் கிடந்தன. எதிர்வீட்டு இசுலாமிய மூதாட்டியின் மகனும் பாரிசில்தான் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் அவர் இங்கே உண்கிறார். இரண்டு நாள் பெரியம்மாள் அங்கே போகிறார். இருபது ஆண்டுகளாக எதிரும் புதிருமாக இருந்த வீடுகள்!

பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்புவது குற்றமன்று. அவர்கள் உழைப்பால் கடன்கள் அடைந்தன, தங்கைகளின் திருமணங்கள் நடந்தன. ஆயினும் மாதந்தோறும் வரும் பணத்தைக் கொண்டு பெற்றோருக்குக் குறைவில்லை என்று நாம் கணக்கை மூடிவிடலாகாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளே, அடுத்த விடுமுறையை ஊர்த் திருவிழாவுக்கென ஒதுக்குங்கள். ஊரிலிருக்கும் நாமோ, நம் தெருவில் தனித்து உண்பவர் யாரென்று இவ்வாரமே எண்ணிப் பார்ப்போம்.

அந்தக் கமிகுயின் பெண் அக்டோபருக்கு விடுப்புக் கேட்டிருக்கிறாளாம். கிடைக்க வேண்டுமென்று பெரியம்மாள் நாள்தோறும் செபமாலை சொல்லி வருகிறார்.