குப்பியின் மேல் ஒட்டிய பெயரும் உள்ளே இருக்கும் புரதமும்

நீண்ட பதிவு. உயிரியல் ஆய்வகங்களில் இருப்போர் முழுவதும் படித்துவிட்டுச் சண்டைக்கு வரவும்.

நான் கஞ்சிக்கோட்டுக்காரன். என் ஆய்வகம் வேறோர் ஊரில் இருக்கிறது. அதன் பெயர் இங்கே தேவையில்லை. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையை அறிந்தவர்களுக்கு அங்குள்ள திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தையும் தெரிந்திருக்கும். குழாய்களில் பாயும் நீரையும் எண்ணெயையும் அளக்கும் மானிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் இடம் அது. ஒரு மானியின் மேல் உற்பத்தியாளர் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்பி அங்கே எவரும் கையெழுத்திடுவதில்லை. திரவத்தைச் செலுத்தி, அளந்து, பிழையைக் கணக்கிட்ட பிறகே சான்றிதழ். தண்ணீர்மானிக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, நம் உறைபெட்டியில் கிடக்கும் ஒரு மனிதப் புரதத்துக்கு ஏன் கிடைப்பதில்லை என்பதே என் கேள்வி.

துத்தநாக விரல் புரதங்களை எடுத்துக்கொள்வோம். மனித மரபணுத் தொகுப்பில் எழுநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இவ்வகைப் புரதங்களுக்கு உரியவை. ஒவ்வொரு விரலும் ஏறத்தாழ முப்பது அமினோ அமிலங்களால் ஆனது. பெரும்பான்மை வகையில் இரண்டு சிஸ்டீன்களும் இரண்டு ஹிஸ்டிடின்களும் சேர்ந்து ஒரு துத்தநாக அயனியைப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடியால்தான் சங்கிலி விரலாக மடிகிறது, மடிந்தால்தான் டி.என்.ஏ.வின் பள்ளத்தில் பொருந்துகிறது. துத்தநாகம் போய்விட்டால் எஞ்சுவது அவிழ்ந்த நூல். பெயர் மட்டும் மாறாது.

இவற்றுள் ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தோடு நேரடித் தொடர்புடையது. பிசிஎல்11ஏ என்னும் துத்தநாக விரல் புரதம், பிறப்புக்குப் பின் கருக்கால ஹீமோகுளோபினின் உற்பத்தியை அடக்கிவைக்கிறது. 2008இல் விஜய் சங்கரனும் ஸ்டுவர்ட் ஆர்க்கினும் அவர்களுடைய குழுவினரும் இதனை நிறுவினர். அந்த அடக்குதலைத் தளர்த்தினால் கருக்கால ஹீமோகுளோபின் மீண்டும் பெருகி, கதிர் அரிவாள் செல் சோகையின் கொடுமை குறைகிறது. 2023இன் இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற மரபணுத் திருத்தச் சிகிச்சை இந்த அறிவின் மேல் எழுந்ததே. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில், இருளர் முதலான பழங்குடி மக்களிடையே இந்நோய் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அங்குள்ள ஒரு குடும்பத்துக்கு அந்த விலை என்ன பொருள் தரும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. மலிவான வழியொன்றைத் தேடும் பொறுப்பு நம்முடையது. அத்தேடலின் முதற்படி, அந்தப் புரதத்தைக் கையில் வைத்துச் சோதிப்பது.

அந்த முதற்படியில்தான் நான் பதினோரு மாதங்களைத் தொலைத்தேன்.

மறுசேர்க்கை மனிதப் புரதம் என்ற பெயரில் ஒரு குப்பி வாங்கப்பட்டது. மைக்ரோகிராம் கணக்கில் பொருள், ஓர் ஆய்வு மாணவரின் மாத உதவித்தொகையைத் தாண்டிய விலை. காமா குளோபின் மரபணுவின் முன்பகுதியில் இப்புரதம் பற்றும் சிறு வரிசையைக் கொண்டு ஜெல் நகர்வுச் சோதனை செய்தேன். பட்டை நகரவில்லை. உப்பின் செறிவை மாற்றினேன், வெப்பத்தை மாற்றினேன், டி.என்.ஏ.வைப் புதிதாகச் செய்யச் சொன்னேன். நகரவில்லை. ஆய்வகக் கூட்டத்தில் எனக்குக் கிடைத்த தீர்ப்பு நம் அனைவருக்கும் பழகியதுதான்: "உனக்குக் கை சரியில்லை."

கை சரியாகத்தான் இருந்தது. எவரும் தகவல் தாளைப் படித்திருக்கவில்லை, நானும்தான். அதில் எல்லாமே எழுதப்பட்டிருந்தது. குப்பியில் இருந்தது முழுப் புரதம் அன்று. நூறு அமினோ அமிலங்களுக்கு உட்பட்ட ஒரு துண்டு. டி.என்.ஏ.வைப் பற்றும் கடைசி மூன்று விரல்கள் அத்துண்டில் இல்லவே இல்லை. ஹிஸ்டிடின் வாலும் அல்புமினைப் பற்றும் துணைப் புரதமும் முன்னால் ஒட்டப்பட்டு, பாஸ்பேட் உப்புக் கரைசலில், ஒரு மோலார் யூரியாவோடு வந்திருந்தது. பயன்பாடு: எதிர்ப்பொருளைத் தடுத்துப் பார்க்கும் கட்டுப்பாட்டுச் சோதனை. அதற்கு அது நேர்மையான, பயனுள்ள பொருள். ஓர் எதிர்ப்பொருள் தன் இலக்கைத்தான் பற்றுகிறதா என அறிய, இலக்கின் துண்டை முன்கூட்டியே கலந்து, பட்டை மறைகிறதா எனப் பார்ப்பார்கள். மடிப்பே தேவைப்படாத வேலை அது. விற்றவர் பொய் சொல்லவில்லை. வாங்கிய நாம், பட்டியலில் மரபணுவின் பெயரைப் பார்த்ததும் அது செயல்புரியும் புரதம் என்று நம்பிக்கொண்டோம். மூடநம்பிக்கை வெள்ளை அங்கியும் அணியும்.

இதில் வரலாற்று முரண் ஒன்று உண்டு. துத்தநாக விரல் என்ற கருத்தே இத்தகைய ஐயத்திலிருந்துதான் பிறந்தது. கேம்பிரிட்ஜில் ஆரோன் க்ளூக்கின் குழு, ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்களிலிருந்து டிஎஃப்3ஏ என்ற புரதத்தைப் பிரித்தபோது விளைச்சல் மிகக் குறைவாக இருந்தது. கை சரியில்லை என்று அவர்கள் மாணவரை ஒதுக்கவில்லை. தாங்கல் கரைசலைச் சந்தேகித்தார்கள். அதிலிருந்த டைதயோதிரெயிட்டால் உலோகத்தை உருவிவிடுவது தெரிந்தது. பிறகு துத்தநாகத்தை அளந்தார்கள். ஒரு துகளுக்கு 7 முதல் 11 அணுக்கள் என வந்தது. அமினோ அமில வரிசையில் ஒன்பது மடங்கு திரும்பிவரும் அமைப்போடு அந்த எண் இயைந்தது. 1985இல் வெளியான அந்தக் கட்டுரையின் அடித்தளம் ஓர் அளவீடு. நாற்பது ஆண்டுகள் கழித்து, அந்த அளவீட்டைச் செய்யாமலேயே நாம் பட்டம் வாங்குகிறோம்.

"எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டிருந்தால் ஆய்வு எப்போது செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, வெட்டும் நொதிகளை எவரும் வீட்டில் காய்ச்ச வேண்டாம். ஆயினும் ஆய்வின் மையப்பொருளாகிய புரதத்தை வாங்குவது வேறு. அதைச் செய்வதே ஆய்வின் பாதி. மூன்று விரல்களுக்கான வரிசையைப் பிளாஸ்மிட்டில் ஏற்றி ஈ.கோலையில் வளர்ப்பது முதுகலை மாணவரால் இயலாத வித்தை அன்று. 1997இலேயே ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் மறுசேர்க்கைக் கல்லீரல் அழற்சி-பி தடுப்பூசியைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாடு இது. தொழிற்சாலையில் கோடிக்கணக்கான ஊசிகளுக்குச் செய்ததை, ஆய்வகத்தில் ஒரு மில்லிகிராமுக்குச் செய்ய ஏன் தயங்குகிறோம்?

செய்யும்போதுதான் தகவல் தாள் கற்பிக்காதவற்றைப் புரதம் கற்பிக்கும். வளர்ப்பு ஊடகத்தில் துத்தநாக உப்புச் சேர்க்க மறந்தால், பாக்டீரியா தன்னிடமுள்ள சொற்பத்தைக் கொண்டு அரைகுறையாகவே நிரப்பும். புரதச் சிதைவைத் தடுக்கும் மாத்திரையை வழக்கம்போலப் போட்டால், அதில் இடிடிஏ இருந்தால், துத்தநாகம் போயிற்று. நிக்கல் தூணில் தூய்மையாக்கினால் நிக்கல் அயனி துத்தநாகத்தின் இடத்தில் அமரக்கூடும். பாஸ்பேட் கரைசலில் துத்தநாகம் சேர்த்தால் அது கரையாத உப்பாகிப் படியும். காற்றில் விட்டால் சிஸ்டீன்கள் தமக்குள் பிணைந்துகொள்ளும். இவை ஒவ்வொன்றிலும் நான் ஒருமுறையேனும் விழுந்தேன். கடைசியில், நிறமானி வினைப்பொருள் ஒன்றைக் கொண்டு துத்தநாகத்தை அளந்தபோது மூலக்கூறு ஒன்றுக்கு மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அன்று மாலை பட்டை நகர்ந்தது.

2024 ஜூலையில் ஒன்றிய நிதிநிலை அறிக்கை ஆய்வக வேதிப்பொருட்களின் சுங்க வரியை 10 விழுக்காட்டிலிருந்து 150ஆக உயர்த்தியபோது நாம் எல்லோரும் இதே தளத்தில் கொதித்தெழுந்தோம். சில நாட்களில், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கு அது பழைய அளவுக்கே திரும்பியது. கொதித்தது சரியே. ஆனால் வரி கட்டி வாங்கியது என்னவென்றே பார்க்காமல் உறைபெட்டியில் வைக்கும் பழக்கத்தைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதியதில்லை. அந்த வரியைக் கட்டுபவர் நிதியமைச்சர் அல்லர்; மூன்றாம் ஆண்டில் மனம் உடைந்து வெளியேறும் மாணவர்.

நெறியாளர்களிடம் என் வேண்டுகோள் பெரிதன்று. துத்தநாக விரல் புரதத்தைப் பற்றிய ஆய்வேடு உங்கள் முன் வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்தத் துண்டு, எந்தக் கரைசல், மூலக்கூறுக்கு எத்தனை துத்தநாகம். விடை இல்லையெனில் வாய்மொழித் தேர்வை ஒத்திவையுங்கள். ஆண்டு மதிப்பாய்வில், வாங்கிய புரதத்தின் தகவல் தாளை மாணவர் கூட்டத்தில் உரக்கப் படிக்கட்டும். பத்து நிமிடம்கூட ஆகாது.

மாணவர்களுக்கு: என் செய்முறைக் குறிப்பை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுவோர் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்புகிறேன். நகராத பட்டைகளின் ஜெல் படங்களையும் அதனோடு சேர்த்திருக்கிறேன், மொத்தம் நாற்பத்தொன்று.