கிளையும் விழுகிறது, ஆளும் விழுகிறான்

சித்திரை வெயில் உச்சத்தை எட்டும்போதுதான் மும்பை மாநகராட்சிக்கு மரங்களின் நினைவு வருகிறது. ஜூன் மாதம் மழை இறங்குவதற்குள் சாலையோர மரங்களின் கிளைகளைக் கழித்தாக வேண்டும். டெண்டர் விடப்படுகிறது, ஒப்பந்ததாரர் வருகிறார், அவருடைய மேஸ்திரி விடியற்காலையில் மான்குர்த், கோவண்டி நாக்காக்களில் நின்று ஆள் பொறுக்குகிறார். "மரம் ஏறத் தெரியுமா?" என்ற ஒற்றைக் கேள்விதான் நேர்முகத் தேர்வு. தலையசைத்தவர் டெம்போவில் ஏற்றப்படுகிறார். கையில் அரிவாள், இடுப்பில் பழைய நைலான் கயிறு, காலில் ரப்பர் செருப்பு. நாற்பதடி உயரத்தில் அவரைக் காப்பாற்ற இந்தியாவின் மிகப் பணக்கார மாநகராட்சி கொடுத்தனுப்புவது இவ்வளவே.

2018இல் முடிவடைந்த கணக்கெடுப்பின்படி மும்பையில் ஏறக்குறைய 29.75 லட்சம் மரங்கள் உள்ளன. மரங்களை எண்ணியது நல்ல காரியம். ஆனால் அந்த மரங்களில் ஏறுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை இந்நகரம் கேட்பதே இல்லை. அவர்கள் விழும்போது மட்டும், "கூலித் தொழிலாளி பலி" என்ற இரண்டு வரிச் செய்தியாக ஒரு நாள் தோன்றி மறைகிறார்கள்.

மரம் கழிக்கும் வேலை 'ஆள் இருந்தால் போதும்' என்ற வேலை அன்று. கற்றுத் தேர வேண்டிய தொழில். அதைத் தொழிலாக மதிக்க மறுக்கும் ஒப்பந்த முறை தொழிலாளியைக் கொல்கிறது, மரத்தைக் கொல்கிறது, இறுதியில் மரத்தடியில் நடந்து செல்பவரையும் கொல்கிறது. இம்மூன்றையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கும்வரை மூன்றுக்கும் தீர்வு இல்லை.

குற்றவாளிக் கூண்டில் யார்?

நகரத்தின் நடுத்தர வர்க்கச் சூழலியல் ஆர்வலர்கள் சிலர் மொட்டையடிக்கப்பட்ட மரத்தைக் கண்டு கொதிக்கிறார்கள். கொதிப்பு நியாயமானது. ஆனால் அது பாய்வது கிளைமீது நிற்கும் தொழிலாளியின் மேல். அவரைப் படம் பிடிக்கிறார்கள், காவல்துறைக்குப் புகார் செய்கிறார்கள். மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம், 1975, மர ஆணையத்தின் அனுமதியின்றி மரத்தை வெட்டுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. அனுமதிக் கடிதத்தைத் தொழிலாளியின் கண்ணில் எவரும் காட்டுவதில்லை. அகப்படுகிறவரோ அவர்தான்.

2019 அக்டோபர் 4 இரவை நினைவுகூர்வோம். மெட்ரோ பணிமனைக்காக ஆரே காலனியின் மரங்கள் இருளில் வீழ்த்தப்பட்டன. எதிர்த்து நின்ற 29 பேர் கைது செய்யப்பட்டனர். அக்டோபர் 7 அன்று உச்சநீதிமன்றம் தடை விதித்தபோது 2,100க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டிருந்தன. பின்னர் 2023 ஏப்ரலில், அனுமதித்த 84 மரங்களுக்கு மேலாகவும் வெட்ட முயன்றதற்காக மும்பை மெட்ரோ நிறுவனத்திற்கு உச்சநீதிமன்றம் விதித்த அபராதம் 10 லட்சம் ரூபாய். போராடியவருக்குச் சிறை, திட்டம் தீட்டியவருக்குப் பத்து லட்சம். அந்த இரவில் ரம்பம் பிடித்தவர்களைப் பற்றி எவரும் கேட்கவில்லை. நகரத்தின் மரங்களை அழிப்பது ரம்பம் அன்று, அந்த ரம்பத்தை இயக்கும் மூலதனம். இதைச் சொல்லாத சூழலியல் பாதி உண்மையை மட்டுமே பேசுகிறது.

தொழிலின் அறிவும் ஒப்பந்தத்தின் அவசரமும்

ஒரு பெரிய கிளையை எடுக்க மூன்று வெட்டுகள் வேண்டும். முதல் வெட்டு, தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் கால் பங்கு ஆழம். இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. கிளையின் பாரம் அப்போது விழுந்துவிடும். தண்டின் பட்டை உரியாது. மூன்றாவது, எஞ்சிய முண்டை எடுப்பது. கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றே புடைத்த ஒரு வளையம் இருக்கும். அந்த வளையத்துக்கு வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டினால் வளையம் அறுபட்டு, மரம் தன் காயத்தை மூடிக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. நீளமாக முண்டை விட்டால் அது அழுகி, அழுகல் தண்டுக்குள் இறங்குகிறது. வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசுவதால் அழுகல் நிற்காது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ கடந்த நூற்றாண்டிலேயே ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து நிறுவினார். உயிருள்ள இலைத்தொகுதியில் கால் பங்குக்கு மேல் ஒரே பருவத்தில் எடுக்கலாகாது. உச்சியை மொட்டையடித்தால் வெட்டிய இடத்தில் பல துளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். அவை மேற்பட்டையில் மட்டுமே ஒட்டியிருப்பதால் சில ஆண்டுகளில், கனம் கூடியதும், காற்றில் முறியும்.

இவற்றில் எதுவும் இரகசியம் அன்று. பதினைந்து நாள் முறையான பயிற்சியில் கற்றுக்கொடுக்கத் தொடங்கலாம். நம் தோழர்களில் பலர் ஊரில் தென்னையும் புளியும் ஏறி வளர்ந்தவர்கள். கைத்திறன் அவர்களிடம் ஏற்கெனவே உண்டு. ஆனால் மூன்று வெட்டுக்கு நேரம் வேண்டும். 'இன்றைக்கு இத்தனை மரம் முடிய வேண்டும்' என்று மேஸ்திரி கீழே நின்று கத்தும்போது, மூன்று வெட்டு ஒரே வெட்டாகிறது. கால் பங்கு எடுக்க வேண்டிய இடத்தில் பாதி போகிறது. ஒரு பக்கக் கிளைகள் மட்டும் சாலைக்காகச் சீவப்பட்டு, மரம் மறுபக்கம் சாய்கிறது. வேரடியிலோ சிமென்ட் பூசி மூடிய நடைபாதை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் தில்லிக்கு உத்தரவிட்டது. அந்த அறிவு மும்பையின் நடைபாதை ஒப்பந்தங்களை இன்னும் முழுமையாக எட்டவில்லை.

விளைவு என்ன? 2017 ஜூலையில் செம்பூரில், நடந்து சென்ற பெண் ஒருவர்மீது தென்னை மரம் விழுந்து அவர் இறந்தார். அந்த மரத்தை அகற்றக் குடியிருப்போர் முன்னரே மனுச் செய்திருந்தனர், அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் செம்பூர் டயமண்ட் கார்டன் அருகே மரம் விழுந்து மற்றொரு பெண் உயிரிழந்தார். 2021 மே மாதம் டவ்தே புயலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்தன. புயல் காற்றை எந்த மாநகராட்சியும் தடுக்க முடியாது. ஆனால் எந்த மரம் உள்ளே உளுத்திருக்கிறது, எதன் அடியில் காளான் பூத்திருக்கிறது, எதன் வேர் அறுபட்டிருக்கிறது என்பதை ஆண்டு முழுவதும் பார்த்துச் சொல்லும் நிரந்தரத் தொழிலாளர் படை இருந்தால் பல உயிர்களைக் காக்கலாம். மே மாதத்தில் மட்டும் வந்துபோகும் தினக்கூலிக்கு அதைச் சொல்ல வாய்ப்பில்லை. சொன்னாலும் கேட்பாரில்லை.

உயிரைக் காக்கும் விதிகள்

அரசு கற்றுத்தரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாக்காவில் நிற்கும் தோழர்கள் பின்வருவனவற்றைத் தம் விதிகளாகக் கொள்ளட்டும்.

ஏறுமுன் மரத்தைச் சுற்றி வாருங்கள். அடியில் காளான், பொந்து, மண் வெடிப்பு, புதிதாகத் தோண்டிய பள்ளம் இருந்தால் அந்த மரத்தில் ஏறக்கூடாது. ஏணி வண்டி கேளுங்கள். முருங்கை, குல்மோகர் போன்ற மென்மரங்கள் எச்சரிக்கையின்றி முறியும். மழையில் நனைந்த பட்டையில் கால் நிற்காது.

கயிற்றை மட்டும் இடுப்பில் சுற்றிக்கொள்வது பாதுகாப்பு அன்று. விழும்போது அது முதுகெலும்பை முறிக்கும். தொடையையும் இடுப்பையும் தாங்கும் பெல்ட் வேண்டும். மேலே ரம்பம் ஓடும்போது இரண்டு தனித்தனிக் கட்டுகள் இருக்கட்டும்: ஒன்று ரம்பத்தில் அறுபட்டாலும் மற்றது தாங்கும். மெஷின் ரம்பத்தை ஒற்றைக் கையால் இயக்கவோ தோளுக்கு மேல் உயர்த்தவோ கூடாது. அதன் முனையின் மேற்பகுதி மரத்தில் இடித்தால் ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்துக்கு எகிறும். பிரேக் வேலை செய்யாத ரம்பத்தை வாங்காதீர்கள்.

மேலே ஒருவர் என்றால் கீழே குறைந்தது இருவர். அவர்களில் ஒருவராவது ஏறி, மயங்கித் தொங்குபவரை இறக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். பெல்ட்டில் நெடுநேரம் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தீயணைப்பு வண்டி மான்குர்த் நெரிசலைக் கடந்து வரும்வரை காத்திருக்க முடியாது.

மின்கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்று எண்ண வேண்டாம். துறைமுக ரயில் தடத்தின் மேற்கம்பிகளில் 2016 முதல் ஓடுவது 25,000 வோல்ட். அருகே சென்றாலே அது காற்றைத் தாண்டிப் பாயும். பச்சைக் கிளை வழியாகவும் வரும். மின்சாரம் நிறுத்தப்பட்டதற்கு எழுத்து மூலமான உறுதி இல்லாமல் தண்டவாளத்தை ஒட்டிய மரத்தில் எவரும் கால் வைக்கலாகாது.

இவற்றைக் கேட்டால், "பயமாக இருந்தால் வீட்டுக்குப் போ, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள்" என்பான் மேஸ்திரி. உண்மைதான், பத்துப் பேர் நிற்கிறார்கள். அந்தப் பத்துப் பேரும் சேர்ந்து அதே கேள்வியைக் கேட்கும் நாளில் மேஸ்திரியின் வாய் அடைக்கும். பிரிட்டனில் மரத் தொழிலாளியின் ஏறு கருவிகளை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்பது 1998 முதல் விதி. அங்குள்ள முதலாளிகள் இரக்கம் மிகுந்தவர்கள் என்பதால் அது வரவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொழிற்சங்கங்கள் நடத்திய போராட்டம் கட்டியெழுப்பிய பாதுகாப்புச் சட்டங்களின் தொடர்ச்சி அது.

விழுந்த பின் வரும் பொய்கள்

விபத்து நடந்தவுடன் ஒப்பந்ததாரர் சொல்லும் முதல் பொய், "அவன் என் ஆள் இல்லை." மாநகராட்சி சொல்லும் முதல் பொய், "அது ஒப்பந்ததாரர் பொறுப்பு." இரண்டையும் சட்டம் ஏற்பதில்லை. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரே இழப்பீடு தரவேண்டும் என்றது. இறப்புக்கான கணக்கு, மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்குவது. கூலிக்கு 15,000 ரூபாய் உச்சவரம்பு. 30 வயதுத் தொழிலாளிக்கு அந்த எண் 207.98, ஆகவே அவர் குடும்பத்துக்கு உரியது 15,59,850 ரூபாய். மேஸ்திரி பிணவறை வாசலில் ஐம்பதாயிரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவது எதற்காக என்பது இப்போது புரியும். இ.எஸ்.ஐ. பதிவு இருந்தால் குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை வரும். பதிவு செய்யாமல் விட்டதற்கும் முதலாளியே பதில் சொல்லியாக வேண்டும்.

எனவே ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டு வைத்திருங்கள்: தேதி, தெரு, வார்டு, டெம்போ எண், மேஸ்திரியின் கைப்பேசி எண், பெற்ற கூலி. வேலையிடத்தில் ஒரு படம் எடுத்துக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். அந்த நோட்டும் படமும் நீதிமன்றத்தில் நீங்கள் 'ஆள்' என்பதற்குச் சாட்சி.

2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை நடைமுறைப்படுத்தியது. இழப்பீட்டுக் கணக்கு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர் பாதுகாப்பு, ஐம்பதோ அதற்கு மேலோ ஆட்கள் உள்ள இடத்துக்கு மட்டுமே என்றாகிவிட்டது. மைய அரசின் 1970 சட்டத்தில் அந்த எண் இருபதாக இருந்தது. எட்டுப் பேரும் பத்துப் பேருமாக டெம்போவில் போகும் மரத் தொழிலாளி இந்த வலையின் கண்ணி வழியே கீழே விழட்டும் என்றே இது பின்னப்பட்டிருக்கிறது.

பணமில்லையா, மனமில்லையா?

மும்பை மாநகராட்சியின் 2025-26 வரவு செலவுத் திட்டம் 74,427 கோடி ரூபாய். ஒரு வார்டுக்கு ஒரு பயிற்சி பெற்ற குழு, ஏணி வண்டி, பெல்ட், ஹெல்மெட் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை என்பதை எவர் நம்புவார்?

இது நடக்காத காரியமும் அன்று. இதே நகரத்தில் குப்பை அள்ளிய தொழிலாளர்களை இருபதுக்குக் குறைவான குழுக்களாகப் பிரித்து, 'தொண்டர்கள்' என்று பெயரிட்டு, மாநகராட்சி ஏமாற்றியது. குப்பைப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கம் வருடக்கணக்கில் போராடியது. 2017 ஏப்ரல் 7 அன்று 2,700 பேரை நிரந்தரமாக்க உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. குப்பை லாரியில் சாதிக்கப்பட்டதை மரக்கிளையில் சாதிக்க முடியாதா?

நமது கோரிக்கைகள் தெளிவானவை. மரப் பராமரிப்பு ஆண்டு முழுவதும் நடக்கும் நிரந்தர வேலை. அதில் ஒப்பந்த முறையை ஒழித்து, இப்போது ஏறுகிறவர்களையே மாநகராட்சி நேரடியாகப் பணியமர்த்துக! ஊதியத்துடன் பயிற்சியும் சான்றிதழும் வழங்குக! எண்ணிக்கைக் கணக்கில் வேலை வாங்குவதை நிறுத்துக! ஆபத்தான மரத்தில் ஏற மறுக்கும் உரிமையை எழுத்தில் தருக! அனுமதிக் கடிதத்தை வேலையிடத்தில் ஒட்டுக! விபத்துகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுக!

மரங்களை நேசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை உங்கள் தெருவில் கிளை விழும் ஓசை கேட்டால் கைப்பேசியோடு இறங்கி வாருங்கள்; ஆனால் ஒப்பந்ததாரரின் பெயரையும் அனுமதி எண்ணையும் கேட்டுப் படம் எடுங்கள். மேலே நிற்பவருக்கு பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் பாதுகாப்பாக, நிதானமாக வேலை செய்யும் நாளில்தான் உங்கள் மரமும் பிழைக்கும்.

அவசரநிலைக் காலத்தில், 1976இல், ஜனதா காலனியிலிருந்து சீட்டா கேம்ப்புக்கு விரட்டப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று மான்குர்த்தைச் சுற்றி வாழ்கிறார்கள். சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டப்பட்ட இடத்தில் அவர்களின் முன்னோர் ஊரைக் கட்டியெழுப்பினர். தண்ணீரும் மின்சாரமும் கேட்டுப் பெற்றனர். எவரும் இரங்கிக் கொடுத்ததில்லை. அந்த வழி இன்னும் திறந்தே இருக்கிறது. நாளை விடியற்காலை நாக்காவில் மேஸ்திரி வந்து "ஏறத் தெரியுமா?" என்று கேட்கும்போது, பதில் ஒரே குரலில் எழட்டும்: "தெரியும். பெல்ட் எங்கே?"