என்ஜினின் மூச்சுக்குழாயும் உறைபனியும்

மோட்டார் வண்டியின் உறுப்புக்களில் சில எப்பொழுதும் நம் கவனத்தைப் பெறுகின்றன. சில எப்பொழுதும் மறக்கப்படுகின்றன. டயரும் பிரேக்கும் பாட்டரியும் முதல் வகையைச் சேர்ந்தவை. கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பட்டறைகளில் இதைப் ‘பி.சி.வி. வால்வு’ என்றும் ‘பிரீதர் வால்வு’ என்றும் வழங்குவர். கடுங்குளிர்ப் பிரதேசங்களில் இச்சிறு வால்வும் அதன் குழாயும் பனியால் அடைபட்டு, அதன் விளைவாக என்ஜினே பாழாவது உண்டு. “பனியையே காணாத திருவனந்தபுரத்தில் இந்தப் பேச்சு எதற்கு?” என்று சிலர் கேட்கலாம். அடைப்புக்கு மூலகாரணம் நீர். அந்த நீர் லடாக்கில் பனியாகவும், நம் ஊரில் சேறாகவும் வேலை செய்கிறது என்பதே நமது விடை. ஆகவே இவ்வால்வைப் பற்றிய அறிவு இங்குள்ள களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் அவசியமானதே.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது? வெளியிலுள்ள காற்றின் ஈரத்திலிருந்து ஒரு சிறு பங்கே வருகிறது. பெரும் பங்கு எரிபொருளிலிருந்தே பிறக்கிறது. பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் கூடி எரியும்போது நீராவி உண்டாகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகும். இதைக் கேட்டு வியப்படையாதவர் சிலரே. இந்நீராவியில் மிகப் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. எஞ்சிய சிறு பகுதி, எரிந்த வாயுக்களுடனும் எரியாத பெட்ரோல் ஆவியுடனும் கலந்து, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழிறங்கிக் கிராங்க்கேஸை அடைகிறது. அங்கேதான் மசகெண்ணெயும் இருக்கிறது.

இவ்வாயுக்களை வெளியேற்றாவிட்டால் கிராங்க்கேஸில் அமுக்கம் ஏறும், எண்ணெயும் கெடும். முற்காலத்து வண்டிகளில் ஒரு குழாயைச் சாலையை நோக்கித் தொங்கவிட்டு, இவ்வாயுக்களை அப்படியே வெளிக்காற்றில் விட்டுவந்தனர். நகரங்களில் புகைமூட்டம் பெருகியபோது இவ்வழக்கத்தின் தீமை தெரிந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் 1961-ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதலும், பின்னர் 1963-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அந்நாடு முழுவதிலும், இவ்வாயுக்களை மீண்டும் என்ஜினுக்குள்ளேயே இழுத்து எரிக்கும் முறை புகுந்தது. இதில் காற்றின் ஓட்டத்தை அளவறிந்து விடுவதே வால்வின் கடமை. என்ஜின் சும்மா ஓடும்போது உறிஞ்சும் விசை பலமாயிருக்கும். அப்பொழுது வால்வு வழியைக் குறுக்கிக்கொள்ளும். பளு ஏறும்போது வழியை அகலத் திறக்கும். இந்தியாவிலும் பெட்ரோல் வண்டிகள் கிராங்க்கேஸ் வாயுவை வெளிக்காற்றில் விடலாகாது என்பது இன்று விதியாகும்.

இனி உறைபனியின் செயலைப் பார்ப்போம். லடாக்கிலுள்ள திராஸில் குளிர்கால இரவுகளில் உஷ்ணநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியையும் தாண்டி இறங்குவதுண்டு. அத்தகைய குளிரில் வண்டி நெடுந்தூரம் ஓடும்போது என்ஜினின் உட்புறம் சூடாகவே இருக்கிறது. ஆனால் ஈரம் நிறைந்த கிராங்க்கேஸ் வாயு, வெளியே நீண்டு செல்லும் ரப்பர் குழாயில் ஓடுகையில் குளிர்ந்துபோகிறது. அது உறிஞ்சு குழாயுடன் சேரும் வாயிலில், உறைகுளிர்க் காற்று எதிர்ப்படுகிறது. நீராவி அங்கே பனியாகி, ஒரு படலத்தின் மேல் மற்றொரு படலமாகப் படிந்து, முடிவில் வழியை அடைத்துவிடுகிறது. மற்றொரு வகையும் உண்டு. வண்டியை நிறுத்திய பின் வால்விலும் குழாயின் தாழ்ந்த பகுதியிலும் தேங்கிய நீர், இரவில் கட்டியாக உறைந்துவிடும். காலையில் ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பும்போது மூச்சுவழி மூடியே இருக்கும்.

வழி அடைபட்டதும் கிராங்க்கேஸில் அமுக்கம் ஏறுகிறது. எண்ணெய் அளவு பார்க்கும் கோல் தானே மேலெழும்பலாம். ஆயில் சீல்கள் பிதுங்கி எண்ணெய் வெளியே பாயலாம். இதைக் கவனியாமல் வண்டியை ஓட்டினால், எண்ணெய் வற்றி என்ஜின் இறுகிப்போகும். ஆளற்ற மலைப்பாதையில் இரவு நேரத்தில் வண்டி நின்றுவிட்டால், அது உயிருக்கே ஆபத்தாகும்.

திருவனந்தபுரத்தில் உஷ்ணநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். இங்கே பனிக்கட்டிக்கு இடமில்லை. ஆயினும் என்ஜினில் உண்டாகும் நீர் அதே நீர்தான். அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்குமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியில் எண்ணெய் போதிய சூடு பெறுவதில்லை. நீர் ஆவியாகி வெளியேற அவகாசமின்றி எண்ணெயுடன் கலந்து, வெண்ணெய் போன்ற பழுப்பு வெண்மைப் பிசினாகிறது. நாளடைவில் இது கருஞ்சேறாக மாறி வால்வை அடைக்கிறது. பிறகு நிகழ்வது ஏறக்குறைய மலைமேல் நிகழ்வதே: அமுக்கம் ஏறுதல், சீல் கசிதல், எண்ணெய் கெடுதல். வேற்றுமை ஒன்றுதான். பனி சில மணி நேரத்தில் செய்வதைச் சேறு சில ஆண்டுகளில் செய்கிறது. மெல்ல வரும் கேட்டைக் கண்டுகொள்வோர் குறைவு.

சில பட்டறைகளில் இதற்கு ஒரு குறுக்குவழி கையாளப்படுகிறது. கசிவு கண்டவுடன் மூச்சுக்குழாயைக் கழற்றி வெளிக்காற்றில் விட்டுவிடுகின்றனர். இது கண்டிக்கத்தக்கது. கசிவு நிற்பதாகத் தோன்றினும், எரியாத பெட்ரோல் ஆவி தெருவில் கலக்கிறது. கழற்றிய வாய்களின் வழியே புழுதி உள்ளே புகுகிறது. நீரை இழுத்தகற்றும் ஓட்டமும் நின்றுபோகிறது. நோயை விட்டுவிட்டு நோயின் அடையாளத்தை மறைப்பது சிகிச்சை ஆகாது.

தடுக்கும் முறைகள் கடினமானவை அல்ல. குளிர்ப் பிரதேசங்களுக்கென ஆக்கப்படும் வண்டிகளில் வால்வை என்ஜினின் சூடான பகுதியை ஒட்டி அமைக்கின்றனர். குழாய்க்கு வெப்பம் காக்கும் உறை இடுகின்றனர். உறிஞ்சு குழாயுடன் சேரும் வாயிலைச் சுடுநீராலோ மின்சாரத்தாலோ சூடாக்குகின்றனர். சிறு விமானங்களின் பிஸ்டன் என்ஜின்களில் இதனினும் எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. மூச்சுக்குழாயின் வெளிநுனி உறைந்துவிட்டாலும் வாயு வெளியேறும்படி, என்ஜின் மூடிக்குள்ளே, சூடான இடத்தில், அக்குழாயில் ஒரு சிறு துளை இட்டு வைப்பர். செலவில்லாத அந்தத் துளை ஒரு விமானத்தையே காக்கிறது. ஓட்டுநர் செய்யக்கூடியவையும் உண்டு. குழாய் எங்கும் தொய்ந்து நீர் தேங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். என்ஜினின் சூட்டை நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்ய வேண்டும். எண்ணெயைக் காலத்தில் மாற்ற வேண்டும். வாரம் ஒருமுறையேனும் எண்ணெய் நன்றாகச் சூடேறும் அளவுக்கு வண்டியை நெடுந்தூரம் ஓட்ட வேண்டும்.

சோதிக்கும் முறையும் எளிது. என்ஜின் சும்மா ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய அட்டையை வைத்தால், பல என்ஜின்களில் அது மெல்ல உள்ளிழுக்கப்படும். அட்டை வெளியே தள்ளப்படின் மூச்சுவழி அடைபட்டிருக்கலாம் என அறியவேண்டும். விசிறியும் பெல்ட்டும் சுழலும் இடத்தில் கையும் துணியும் படாதவாறு எச்சரிக்கை தேவை. மூடியின் அடியில் மட்டும் வெண்பிசின் இருப்பின் அது பெரும்பாலும் குறும்பயணங்களின் விளைவு. அளவுக்கோலிலும் அதே நிறம் தோன்றுமாயின், ரேடியேட்டர் நீர் எண்ணெயில் கலக்கிறதா என்பதை உடனே சோதிக்க வேண்டும்.

குளிரில் வேலை செய்யும் சிறு வால்வு ஒன்று எவ்வளவு பொறுப்பைத் தாங்கி நிற்கிறது என்பதற்கு இந்நகரத்தின் விஞ்ஞானிகள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. வலியமலையிலுள்ள திரவ உந்துவிசை அமைப்புகள் மையமே நம் ராக்கெட்டுகளின் மிகுகுளிர் அடுக்கை உருவாக்கிய நிலையம். 2021 ஆகஸ்டு 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த ஜி.எஸ்.எல்.வி. எப்-10 ராக்கெட்டின் அவ்வடுக்கு எரியத் தவறியது, இ.ஓ.எஸ்.-03 செயற்கைக்கோள் இழக்கப்பட்டது. திரவ ஹைட்ரஜன் தொட்டியின் மிகை அமுக்கத்தை வெளிவிடும் வால்வில், மென்மையான அடைப்பு வளையம் பழுதுற்றுக் கசிந்ததே பெரும்பாலும் காரணம் என ஆய்வுக்குழு முடிவு கண்டது. அங்கே வால்வு மூட வேண்டியபோது முழுவதும் மூடவில்லை. மோட்டார் என்ஜினிலோ திறக்க வேண்டியபோது திறப்பதில்லை. மூச்சுவழி வால்வுக்கு இவ்விரண்டு கடமைகளும் சமமானவை. குழுவின் பரிந்துரைகளில் வால்வை வலுப்படுத்துதலும் ஒன்று. 2023 மே 29 அன்று எப்-12 ராக்கெட் வெற்றியுடன் சென்றது. சிறு உறுப்பென்று ஒதுக்காமல் காரணத்தைத் தேடியதன் பலன் அது.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே விளக்கலாம். மூன்று பங்கு பனிக்கட்டித் தூளுடன் ஒரு பங்கு உப்பைக் கலந்தால், பூஜ்யத்துக்கு வெகு கீழான குளிர் கிடைக்கும். அதனுள் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய் ஒன்றை வளைத்து வைத்து, நுனியில் மாணவர் ஒருவர் பலமுறை மெல்ல ஊதினால், மூச்சிலுள்ள ஈரம் குழாயின் உட்சுவரில் வெண்பனியாய்ப் படிவதைக் காணலாம். கொதிநீரையோ மூடிய குடுவையையோ இதற்கு உபயோகிக்கலாகாது. அமுக்கம் ஏறி வெடிக்கும். வேதியியல், வெப்பவியல், யந்திரவியல் மூன்றையும் ஒரே குழாயில் காட்டும் பாடம் இது.

நமது யோசனைகள் மூன்று. அரசாங்க வண்டிகளின் பராமரிப்புப் பதிவேட்டில், எண்ணெய் மாற்றும்போதெல்லாம் மூச்சுவழியைச் சோதித்துக் குறிக்க ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் இவ்வால்வு பெயரளவில் சொல்லப்படாமல் காரணத்தோடு கற்பிக்கப்பட வேண்டும். ராணுவத்துக்கும் எல்லைச் சாலைப் பணிக்கும் நம் ஊர் இளைஞர் பலர் செல்கின்றனர். சுற்றுலாவுக்காகத் தாமே வண்டியோட்டி லே வரை செல்வோரும் உண்டு. அவர்கள் புறப்படுமுன் இச்செய்தி அவர்களை எட்ட வேண்டும். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. ஒரு வால்வின் விலை அற்பம். அதன் பொருட்டு ஓர் என்ஜினையோ ஓர் உயிரையோ இழப்பது தகாது.