வெளிறிய மீனுக்கு வருத்தமா?

மீன் தொட்டியில் ரெயின்போ மீன் வளர்க்கும் சகோதரிகள் பலர் கேட்கும் கேள்வி இது: “ஆறு மீன் வாங்கினோம். மூன்று நல்ல நிறமெடுத்து வளர்ந்துவிட்டன. மற்ற மூன்றும் வெளிறிப்போய்ச் சின்னதாகவே இருக்கின்றன. ஏதும் வருத்தமா? எடுத்துவிட வேண்டுமா?”

எடுத்துவிட வேண்டாம். வெளிறிய மீன் செட்டையை விரித்து நீந்தி, தீன் போட்டதும் மற்றவற்றோடு முந்தியடித்து வருகிறதென்றால் அதற்கு வருத்தமில்லை. பெரும்பாலும் அது பெண் மீன். வருத்தம் வந்த மீன் செட்டையை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கும். தீனைத் திரும்பிப் பாராது. மூச்சு வேகமாக வாங்கும்.

இந்தக் குழப்பத்துக்கு நமக்குப் பழகிய கப்பி மீனும் ஒரு காரணம். கப்பியில் பெரியது பெண், சிறியது ஆண். ரெயின்போவில் ஆண்தான் பெரிது. பலரும் விரும்பி வாங்கும் போசெமானி இனத்தில் வளர்ந்த ஆண் நாலு அங்குலம் வரும். அதன் முன்பாதி நீலச் சாம்பல், பின்பாதி செம்மஞ்சள். இரண்டு மீன்களை வெட்டி ஒட்டியது போலிருக்கும். பெண் அதைவிட மெலிந்து, வெள்ளி நிறத்தில் இலேசான மஞ்சள் படிந்து காணப்படும்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறலாம். தொட்டியில் பெரிய ஆண் ஒன்று அதிகாரம் செய்தால், அதற்கு அஞ்சிய சிறிய ஆண் தன் நிறத்தைக் காட்டாமல் பெண்ணைப் போலவே திரியும். வாங்கி வந்த அன்று பயத்தில் எல்லா மீனுமே வெளிறித்தான் இருக்கும். ஆகவே முதுகைப் பாருங்கள். ரெயின்போ மீனுக்கு முதுகில் இரண்டு செட்டைகள் உண்டு. முன்னால் ஒரு சின்னது, பின்னால் ஒரு நீளமானது. ஆணின் முன்செட்டை கூராக நீண்டிருக்கும். மடித்துக்கொள்ளும்போது அதன் நுனி பின்செட்டையின் தொடக்கத்தைத் தொடும் அல்லது தாண்டும். பெண்ணுக்கு அது கட்டையாக, வட்டமாக இருக்கும், எட்டாது. வயது ஏற ஏற ஆணின் முதுகு தலைக்குப் பின்னால் மேடாக எழும்பி உடம்பு அகலும். தலை சிறுத்தது போலத் தெரியும்.

சிறிய நியோன் ரெயின்போவில் வேலை இன்னும் சுலபம். ஆணுக்குச் செட்டை ஓரம் சிவப்பு, பெண்ணுக்கு மஞ்சள்.

இவற்றைக் காலை வெளிச்சத்தில் அவதானிப்பதே நல்லது. ஆண்கள் ஒன்றையொன்று சுற்றிவந்து செட்டை விரித்துத் தம்மைக் காட்டிக்கொள்ளும் நேரம் அது. பல இனங்களில் ஆணின் மூக்கிலிருந்து முதுகுவரை ஒரு கோடு பளிச்சென்று தோன்றி மறையும்.

கடையில் இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த குஞ்சுகளை யாராலும் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. கடைக்காரர் பிரித்துத் தருவதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆறோ எட்டோ சேர்த்து வாங்கி வளர விடுங்கள். சற்று வளர்ந்த மீன்களில் நிறமானவற்றை மட்டும் பொறுக்கினால் முழுக்க ஆணாகவே வந்து சேரும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்றிருந்தால் நல்லது. பல ஆண்களுக்கு நடுவே ஒரே பெண் அகப்பட்டால், ஓயாமல் துரத்துண்டு களைத்துப்போகும்.

நிறத்துக்காக ஆணை மட்டும் பொறுக்கும் வழக்கம் எங்கெல்லாம் போய் முடிகிறதென்று பாருங்கள். போசெமானி மீனின் சொந்த இடம் இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவில் உள்ள அயமாரு ஏரிகள். விஞ்ஞானிகள் இதற்குப் பெயரிட்டு விபரித்தது 1980இல்தான். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே, தொட்டிகளுக்கு அனுப்பவென்று ஏரியிலிருந்து ஆண் மீன்கள் பெருந்தொகையாக அள்ளப்பட்டன. இன்று அந்த இனம் தன் சொந்த ஏரியிலேயே அழியும் ஆபத்தில் உள்ளது. நமது கடைகளில் இருப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை என்பது ஓர் ஆறுதல்.

இன்னொன்று. வெவ்வேறு ரெயின்போ இனங்களின் பெண்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவை கலந்து முட்டையிடவும் செய்யும். கலப்புக் குஞ்சுகள் பெரும்பாலும் இரண்டு பக்கத்து அழகுமின்றி மங்கலாகவே வரும். குஞ்சு எடுக்க எண்ணினால் ஒரு தொட்டிக்கு ஓர் இனம் போதும்.

முட்டைக்காகத் தனி ஏற்பாடு பெரிதாகத் தேவையில்லை. பின்னலில் மிஞ்சிய பச்சை நைலோன் நூலை வெந்நீரில் ஊறவைத்து, சாயம் போகவில்லை என்று கண்ட பின், கற்றையாகக் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள். பெண் மீன் காலையில் சிலசில முட்டைகளாக அதில் இட்டுச் செல்லும். முட்டைகள் மெல்லிய இழையால் நூலில் ஒட்டிக்கொள்ளும். நாலைந்து நாளில் கற்றையை அப்படியே எடுத்து, அதே தொட்டி நீர் நிரப்பிய வேறு பாத்திரத்தில் வையுங்கள். தாய் தகப்பன் இருக்கும் இடத்தில் விட்டால் முட்டையும் குஞ்சும் மிஞ்சாது. ஒரு வாரம் பத்து நாளில், நீர்மட்டத்தை ஒட்டிக் கண்ணும் வாலுமாகச் சின்னஞ்சிறு கீறல்கள் ஓடத் தொடங்கும்.