படத்து வாத்தியாரும் படுவான்கரைப் பிள்ளைகளும்

அடங்காப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையினுள் புதியதோர் ஆசிரியர் நுழைகின்றார். முதல் நாள் கேலி, மறுநாள் கலகம், இடைவேளை கழிந்ததும் அன்பு பெருக்கெடுக்கின்றது, படம் முடியுமுன்னே பிள்ளைகள் யாவரும் பரீட்சையிற் சித்தியெய்தி விடுகின்றனர். 'உண்மைக் கதை' என்னும் முத்திரையோடு மேற்றிசையிலிருந்தும் பாரதத்திலிருந்தும் இத்தகைய படங்கள் பல வந்துள்ளன. நாமும் கண்டு கண் கலங்கியிருக்கின்றோம். அதில் வெட்கமொன்றுமில்லை. ஆனால் அக்கதைகள் திரைக்கு ஏறுங்கால் உண்மையில் எப்பகுதி கழிக்கப்படுகின்றது என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

பிரித்தானிய கயானாவிற் பிறந்த ஈ. ஆர். பிரெய்த்வெயிட் இரண்டாம் உலகப் போரில் விமானப்படையிற் பணியாற்றியவர். போர் முடிந்தபின், கறுப்பர் என்ற ஒரே காரணத்தால் தகுதிக்கேற்ற வேலை மறுக்கப்பட்டு, இலண்டன் கிழக்குப்புறத்து ஏழைப் பாடசாலையொன்றில் ஆசிரியரானார். அவ்வனுபவத்தை அவர் 1959இல் நூலாக்கினார். 1967இல் அது 'டு சேர், வித் லவ்' என்று படமாயிற்று. சிட்னி போய்ட்டியரின் கம்பீரத்தை யாரே மறக்க வல்லார்? எனினும் அப்பாடசாலையின் வரலாற்றை அறிந்தோர் வேறொரு பெயரையும் கூறுவர். அலெக்ஸ் புளூம் என்ற தலைமையாசிரியர் 1945இலேயே அங்கே பிரம்பை ஒழித்துவிட்டார். பிள்ளைகளுக்கென மன்றம் அமைத்தார். வாரந்தோறும் பாடங்களைப் பற்றியும் ஆசிரியரைப் பற்றியும் தாம் எண்ணியதைப் பிள்ளைகளே எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நாட்டினார். 1955இல் உயிர் நீக்கும்வரை அப்பணியிலேயே நின்றார். பிரெய்த்வெயிட்டின் நூலில் தலைமையாசிரியருக்கு உரிய இடமுண்டு. படத்திலோ அவர் ஓரத்து நிழலாகிவிட்டார். பத்தாண்டு உழுது பண்படுத்தியவனை மறைத்து, விதைத்தவனை மட்டும் காட்டினால் நம் கமக்காரர் ஒப்புவரா?

அமெரிக்காவிலும் இதே கதைதான். லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்ஃபீல்ட் பாடசாலையில் ஹைமே எஸ்கலாந்தே 1974 முதல் கணிதம் கற்பித்தார். 1982இல் அவருடைய மாணவர் 18 பேர் நுண்கணிதப் பரீட்சையில் சித்தியெய்த, பரீட்சை நடத்தியோர் ஐயுற்றனர்; மீண்டும் எழுதிய பிள்ளைகள் மீண்டும் தேறினர். எட்டாண்டு உழைப்பை 1988இல் வந்த படம் ஓராண்டுக் கதைபோலச் சுருக்கிற்று. அவருக்குத் துணைநின்ற அதிபரும் சக ஆசிரியரும் படத்தில் எங்கே? 1991இல் அவர் விலகியபின் அப்பாடசாலையின் பெறுபேறுகள் சரிந்த செய்தியை அறிவோர் இன்றும் சிலரே.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். 1996இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையிலே, மட்டக்களப்பு நகரில் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' திறக்கப்பட்டது. இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதனைத் தொடக்கி வைத்தனர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் தத்தம் ஊர்களிலிருந்து வாரந்தோறும் வந்து கூடினர். மண்ணிலே உருவம் பிசைந்தும், வண்ணம் தீட்டியும், கதை கட்டியும், கூத்தாடியும், வாயாற் சொல்லவியலாத துயரைக் கையாற் சொல்லினர். அவர்களோடு நாள் முழுதும் இருந்தோர் யாவர்? நம் ஊர் இளைஞரும் யுவதிகளுமே. போரின் வடுவைத் தாமும் சுமந்தவர்களே அப்பிள்ளைகளுக்குத் துணையாயினர்.

இதனைப் படமாக்கல் ஆகாதா என்று அன்பர் சிலர் நம்மிடம் வினவுகின்றனர். ஆகும், ஆனால் அஞ்சுகின்றோம். கதாநாயகன் ஒருவன் வேண்டுமென்று படாதிபதி கேட்பார். வெளிநாட்டு முகமாயின் சந்தை பெரிது என்பார். ஒரு பிள்ளை அழுங்காட்சியும் கேட்பார். அப்பிள்ளைகளோ இன்று வளர்ந்து, மணமுடித்து, நம் அயலிலேயே வாழ்கின்றனர். நம்பி வரைந்த ஓவியத்தையும் உதிர்த்த கண்ணீரையும் அவர்களுடைய ஒப்புதலின்றி விலைபேச எவருக்கும் உரிமை கிடையாது. இதில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

மற்றொரு தீங்கும் உண்டு. இப்படங்களைக் கண்டு பழகிய நாம், வீரர் ஒருவர் வருவாரென்று காத்திருக்கப் பழகிவிட்டோம். வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலே, தந்தையை இழந்த பிள்ளையும், தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன பிள்ளையும், அறுவடைக் காலத்தில் வகுப்பைவிட்டு வயலுக்குப் போகும் பிள்ளையும் வேண்டுவது அதிசய மனிதரையன்று. சென்ற ஆண்டு கற்பித்த அதே ஆசிரியர் இவ்வாண்டும் இருப்பதையே. 2014இல் மண்முனைப் பாலம் திறக்குமுன், விடியலிலே துறையில் பாதைக்குக் காத்துநின்று வாவி கடந்து சென்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்! அவர்களை எந்தப் படமும் காட்டவில்லை. அவர்களிற் பலர் இடமாற்றம் கேட்டதையும் நாம் குறைகூறோம். தங்க ஒரு வீடில்லாத ஊரில் எவர்தான் நிலைப்பர்?

ஆதலின் நம் கோரிக்கை இரண்டு. பூங்காவின் கதையைப் படமாக்க வருவோர், அங்கே பணிபுரிந்த உள்ளூராரிடமும், வளர்ந்துவிட்ட அப்பிள்ளைகளிடமும் முதலில் ஒப்புதல் பெறுக. படுவான்கரைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களோ, பெரும்போக விதைப்புத் தொடங்குமுன் கூட்டங்கூடி, ஆசிரியர் விடுதிகளைக் கோரும் தீர்மானத்தை மட்டக்களப்பு மேற்கு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுத்திலே அனுப்புக. விடுதிக்குக் காணி கொடுக்கக்கூடிய போடிமார் ஊர்தோறும் உளர். அவர்களையும் அக்கூட்டத்திற்கு அழைத்தல் வேண்டும்.