ரிசர்ச்னு போர்டு மாட்டுன கப்பல்!

லேப் ரெக்கார்டுல ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ற பார்ட்டியா நீங்க? ஜப்பான்கிட்ட தோத்துட்டீங்க பாஸ்!

வியாபாரத்துக்காகத் திமிங்கிலம் வேட்டையாடறதை நிறுத்தணும்னு 1982-ல் சர்வதேச திமிங்கில வேட்டை ஆணையம் முடிவெடுத்தது. ஆனா, 1946 ஒப்பந்தத்துலயே ஒரு ஓட்டை. ஆராய்ச்சிக்குன்னா கொல்லலாம்; கொன்னதை வீணாக்கவும் கூடாது! அப்புறமென்ன... பக்கவாட்டுல கொட்டை எழுத்துல 'ரிசர்ச்'னு எழுதின கப்பல் அன்டார்க்டிக் கடலுக்குப் போகும். கறி கடைக்கு வரும்.

கடுப்பான ஆஸ்திரேலியா 2010-ல் சர்வதேச நீதிமன்றத்துல கேஸ் போட்டுச்சு. 'ரிசல்ட் எங்கே?'னு நம்ம ப்ராஜெக்ட் கைடு கேட்கிற அதே கேள்விதான் அங்கேயும். 2005-லேர்ந்து கொன்னது சுமார் 3,600 மிங்கி திமிங்கிலங்கள். உருப்படியா காட்டின பேப்பர் ரெண்டே ரெண்டு. அதுக்கும் தேவைப்பட்டது 9 திமிங்கிலம்தான்! (எங்க ஹெச்.ஓ.டி-யா இருந்தா ரெக்கார்டு ஜன்னல் வழியா பறந்திருக்கும்.) 2014 மார்ச்ல தீர்ப்பு வந்தது. 'இது ஆராய்ச்சிக்கான வேட்டை இல்லை'ன்னு 12 நீதிபதிகள் ஒரு பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம்.

திருந்துச்சான்னா கேட்கறீங்க? ஒரு சீஸன் கம்முனு இருந்துட்டு, திட்டத்தோட பேரை மாத்தி, வருஷத்துக்கு 333-னு மறுபடி கிளம்பிட்டாங்க. 2019-ல் ஆணையத்துலேர்ந்தே வெளிநடப்பு. அன்டார்க்டிக் திமிங்கிலங்கள் தப்பிச்சுது. சொந்தக் கடல்ல இருக்கிறதுங்க மாட்டிக்கிச்சு. இப்போ 'கறிக்குத்தான்'னு ஓப்பனாவே வேட்டை. 2024-ல் ஃபின் திமிங்கிலத்தையும் லிஸ்ட்ல சேர்த்தாச்சு. நீலத் திமிங்கிலத்துக்கு அடுத்து உலகத்துலயே பெரிய உயிர் அது!