அப்பாவும் பொன்முடியும் எட்டாவது கேள்வியும்

போன டிசம்பரில் மூணு வார லீவில் நாகர்கோவில் போயிருந்தேன். லீட்ஸ் குளிரிலிருந்து தப்பித்து வந்த பிள்ளைகளுக்கு மறுபடியும் ஒரு குளிர் மலையையே காட்டலாம் என்று (நம்ம புத்தி அப்படி :-) ) திருவனந்தபுரம் வழியாகப் பொன்முடிக்குக் கார் பிடித்தோம். நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாறு வந்தால், அங்கிருந்து மேலே 22 கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தார்கள்.

ஐந்தாவது வளைவில் அப்பா, "ஒரு நிமிசம் நிறுத்துப்பா, வியூ நல்லா இருக்கு" என்றார். பதினோராவதில் மறுபடியும் வியூ. பதினாறாவதில் மூடுபனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அப்போதும் வியூ பார்க்க இறங்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மேலே போய் எல்லோரும் சூடா டீ குடித்தோம். அப்பா மட்டும் வேண்டாம் என்றார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை என்று அம்மா மெதுவாகச் சொன்னாள். ரெண்டு வருடமாக எங்கே கிளம்பினாலும் இப்படித்தானாம். தேருக்குப் போவதில்லை, பஸ்ஸில் ஏறுவதில்லை. ஞாயிறு தவறாமல் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறேன். மழை, தேங்காய் விலை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் வந்திருக்கிறது. இது வரவேயில்லை. "லீட்ஸ் வாங்கப்பா" என்று கூப்பிட்டபோதெல்லாம் "அந்தக் குளிரு நமக்குச் சரிப்படாது" என்று ஏன் சொன்னார் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. பத்து மணி நேர விமானத்தில் ஜன்னலோரச் சீட்டை நினைத்துப் பாருங்கள்.

அடுத்து நான் செய்ததைத்தான் உங்களில் பலரும் செய்வீர்கள். ஸ்கேன் எடுத்தேன். புராஸ்டேட் 48 கிராம். இளவயதில் சுமார் 20 கிராம்தான் இருக்கும் என்று படித்ததும் பதறி, தெரிந்த மூணு டாக்டர்களுக்கு ரிப்போர்ட்டை அனுப்பினேன். லீவு முடியப் பதினோரு நாள். ஆபரேஷன், டியூப் எடுப்பது, வீட்டுக்குக் கூட்டி வருவது, பிளைட்... ஒரு எக்ஸெல் ஷீட்டே போட்டுவிட்டேன். புராஜக்ட் மேனேஜர் புத்தி!

சிறுநீரக மருத்துவர் என் ரிப்போர்ட்டை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, அப்பாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற கேள்வித்தாள்தான். ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், அடக்க முடியாமல் போகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா என்று ஏழு கேள்விகள். ஆளுக்கு மொத்தம் 35 மார்க். எட்டாவது கேள்வி இந்தக் கணக்கில் வராது, தனி. "இப்போது இருக்கிற மாதிரியே மிச்ச வாழ்நாளும் இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். அப்புறம் டாக்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "நாலு தடவை எந்திரிக்கது கூடச் சாரமில்ல மக்கா. ஒவ்வொரு மட்டமும் உங்க அம்மையும் முழிச்சிருதா. அதுதான்."

என் எக்ஸெல் ஷீட்டில் அம்மாவுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இந்த விஷயத்தில் வைத்தியத்தைத் தீர்மானிக்க வேண்டியது சுரப்பியின் அளவோ நம்முடைய லீவோ இல்லை. பெரிய சுரப்பியோடு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, சின்னதோடு படாத பாடு படுபவர்களும் உண்டு. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் ஒரு விலை உண்டு. எந்த விலையைக் கொடுக்கலாம் என்று சொல்ல வேண்டியவர் அந்த உடம்புக்காரர்தான்.

என்னென்ன விலை? தொந்தரவு குறைவென்றால் மருந்தே இல்லாமல் பார்க்கலாம்: ராத்திரி தண்ணீரையும் காபி டீயையும் குறைப்பது (பகலில் பட்டினி போடுவது இல்லை!), போய் முடித்து ஒரு நிமிடம் கழித்து இன்னொரு தடவை முயல்வது. அடுத்தது டாம்சுலோசின் வகை மாத்திரை. சில நாட்களிலேயே பலன் தெரியும். சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். கண்புரை ஆபரேஷன் செய்வதாக இருந்தால் கண் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து கண்பாப்பாவைத் தளர்த்திவிடுகிறது என்று 2005இல் கண்டுபிடித்தார்கள். 1992இல் வந்த ஃபினாஸ்டரைடு வகை, சுரப்பியையே சுருக்கும். ஆனால் ஆறு மாதம் பொறுமை வேண்டும், சிலருக்கு ஆசை குறையும். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாக்கிவிடும் என்பதால், சோதிப்பவரிடம் சொல்லாவிட்டால் புற்றுநோய் அறிகுறி கண்ணில் படாமல் போகலாம்.

பிறகு ஆபரேஷன். வெளியே தையல் இல்லாமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுப்பது பல பத்தாண்டுகளாக இருக்கிறது. பெரிய சுரப்பிக்கு லேசர் உண்டு. நல்ல பலன் தரும். ஆனால் அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் போய்விடும். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிய வேண்டிய விஷயம். "எழுபத்திரண்டு வயசில் அதெல்லாம் எதுக்கு" என்று மகன்கள் நாம் முடிவு செய்துவிடுகிறோம். டாக்டர் இதைப் பேசும்போது என்னை வெளியே இருக்கச் சொன்னார். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதைக் காப்பாற்றுகிற புது முறைகளும் இப்போது உண்டு, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது, சிலருக்குத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

பயத்தில் அவசரப்பட்டவர்களில் பெரிய ஆட்களும் உண்டு. நான் இருக்கும் நாட்டின் பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன் 1963 அக்டோபரில் புராஸ்டேட் அடைப்பால் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆபரேஷன் நடந்த அன்றே பதவி விலகப்போவதாக அறிவித்தார். அது புற்றுநோய் இல்லை. மனிதர் அதற்கப்புறம் 23 வருடம் இருந்து, 1986இல் 92 வயதில்தான் போனார். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ரெண்டும் ஒருவருக்கே தனித்தனியாக வரலாம் என்பதால் சோதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்காக எப்போதும் காத்திருக்கலாம் என்று சொல்லவில்லை. சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தம் வந்தால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால், சிறுநீரகம் பாதித்தால் தள்ளிப்போடவே கூடாது. இன்னொன்று, ஜலதோஷத்துக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளில் பல, இந்தத் தொந்தரவு உள்ளவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடும். ஊரில் இருக்கிற அப்பாக்களிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

அப்பா மாத்திரையைத் தேர்ந்தெடுத்தார். இப்போது ராத்திரி ஒன்றோ ரெண்டோ தடவைதான். அம்மா தூங்குகிறாள். ஆபரேஷன் தேவைப்பட்டால் கொடை முடிந்து பார்க்கலாம் என்கிறார். அவர் காலண்டர், அவர் கணக்கு. நான் லீவை அதற்கேற்ற மாதிரி போட்டுக்கொள்வேன்.

இந்த ஞாயிறு போன் பேசும்போது தேங்காய் விலைக்கு நடுவில் அந்த எட்டாவது கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. லைனைக் கட் பண்ணிவிடாதீர்கள்.

டிஸ்கி: நான் மருத்துவன் இல்லை, மென்பொருள்காரன். எனக்கும் வயது 49. நானும் அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன் :-)